ஃபார்வர்டை விட்டு வெளியே வந்து தேடுங்கள்: இணையத் தகவலை எடைபோடும் முறை

ஒரு தகவல் உண்மையா என்று பார்க்க உட்காருபவர்கள் பெரும்பாலும் அந்தத் தகவலையேதான் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். இணையதளமாக இருந்தால் முகப்பு பளிச்சென்று இருக்கிறதா, எழுத்துப்பிழை உண்டா, "எங்களைப் பற்றி" பக்கத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். நேரம் போகுமே தவிர விடை கிடைக்காது. வரன் பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டார் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு யாரும் தேதி குறிப்பதில்லை, அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம். இணையத்திலும் செய்ய வேண்டியது அதேதான்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 45 பேர் கலந்துகொண்டார்கள்: 10 வரலாற்று அறிஞர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள். குழந்தை மருத்துவர் சங்கங்கள் இரண்டின் இணையப் பக்கங்களைக் காட்டி எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930-இல் தொடங்கிய, பல்லாயிரம் மருத்துவர்கள் உறுப்பினராக உள்ள சங்கம். மற்றொன்று 2002-இல் கொள்கைச் சண்டையில் அதிலிருந்து பிரிந்துபோன சிறு குழு. பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல, பக்கங்களும் ஒன்றுக்கொன்று குறையாத நேர்த்தி. மாணவர்களில் பெரும்பாலோரும் அறிஞர்களில் பலரும் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் உருட்டிப் படித்துவிட்டுத் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்களோ உடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புது டேப் திறந்து, சங்கத்தின் பெயரைத் தேடினார்கள். மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்த பிறகே திரும்பி வந்தார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். கீழே வரும் முறைகள் எல்லாம் இந்த ஒரு பழக்கத்திலிருந்து கிளைத்தவைதான்.

எல்லாத் தகவலுக்கும் ஒரே அளவு உழைப்பு தேவையில்லை. ஒரு படத்தின் ரிலீஸ் தேதி தப்பாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மருந்தை நிறுத்தச் சொல்வது, பணம் அனுப்பச் சொல்வது, ஒரு மனிதர் மீதோ ஒரு சமூகத்தின் மீதோ பழி சொல்வது: இந்த மூன்றில் ஒன்று வந்தால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். படித்தவுடன் கோபமோ பெருமையோ பொங்கினாலும் அப்படியே. அந்த உணர்ச்சியோடுதான் விரல் ஃபார்வர்டு பொத்தானுக்குப் போகிறது.

வாட்ஸ்அப்பில் செய்திக்கு மேலே உள்ள அம்புக்குறியைக் கவனியுங்கள். இரட்டை அம்பு இருந்தால், அதை முதலில் எழுதியவரிடமிருந்து குறைந்தது ஐந்து கைகள் மாறித்தான் உங்களிடம் வந்திருக்கிறது. அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு வந்ததும் இதனால்தான். சித்தப்பா அனுப்பினார் என்பதால் அது சித்தப்பாவின் வார்த்தை ஆகிவிடாது. சித்தப்பா மேல் உள்ள நம்பிக்கையைச் செய்தியின் மேல் ஏற்றிவிடுவதுதான் குடும்பக் குழுக்களில் நடக்கும் பெரிய பிழை.

ஒரு ஃபார்வர்டைப் பிரித்துப் பார்ப்போம்

"முள் சீத்தாப்பழம் கீமோதெரபியை விட 10,000 மடங்கு வீரியமானது. 1970-களிலிருந்து 20-க்கும் மேற்பட்ட ஆய்வகச் சோதனைகளில் நிரூபணமாகியும் மருந்து கம்பெனிகள் மறைத்துவிட்டன." பல ஆண்டுகளாகத் தமிழில் சுற்றும் இந்தச் செய்தியின் முடிவில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து "இன்ஸ்டிடியூட்" ஒன்றின் பெயர் ஆதாரமாக இருக்கும். இதை எடுத்துக்கொள்வோம்.

முதல் வேலை, செய்தியைத் துண்டுகளாக உடைப்பது. இதில் நான்கு கூற்றுகள் உள்ளன: ஒரு நிறுவனம் சொன்னது, 10,000 மடங்கு என்ற எண், பழம் சாப்பிட்டால் புற்றுநோய் தீரும் என்பது, கம்பெனிகள் மறைத்தன என்பது. ஒவ்வொன்றையும் தனியாகத் தேட வேண்டும். மொத்தமாக "முள் சீத்தா புற்றுநோய்" என்று தேடினால் இதே செய்தியின் நூறு நகல்கள் வந்து நிற்கும். "இத்தனை தளங்கள் சொல்கின்றனவே" என்று நம்பத் தோன்றும்.

நிறுவனத்திலிருந்து தொடங்குங்கள். பெயரை ஆங்கிலத்தில் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள்; அதன் சொந்தத் தளத்தைத் தவிர்த்து மற்ற முடிவுகளைப் படியுங்கள். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்: அது ஆராய்ச்சிக்கூடம் இல்லை, சந்தா வாங்கிக்கொண்டு மாற்று மருத்துவச் செய்திமடல் விற்கும் வணிகம். பெயரில் இன்ஸ்டிடியூட், கவுன்சில், ஃபவுண்டேஷன் என்று வைத்துக்கொள்ள ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

அடுத்து அந்த எண். தமிழ்ப் பெயரில் தேடினால் வேர் கிடைக்காது. பழத்தின் ஆங்கிலப் பெயர்களான சோர்சாப், கிராவியோலா, அறிவியல் பெயரான அனோனா மூரிகேட்டா ஆகியவற்றை ஆங்கில எழுத்தில் அடித்து, கூடவே 10,000 என்ற எண்ணைச் சேர்த்து, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரிலும், மருத்துவ ஆய்வுகளின் இலவசத் தொகுப்பான பப்மெட்டிலும் தேடுங்கள். பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996-இல் இயற்கைப் பொருள்களுக்கான ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரைக்குப் போய்ச் சேர்வீர்கள். எண் பொய்யில்லை, உண்மையிலேயே அங்கே இருக்கிறது. ஆனால் எதைப் பற்றியது? முள் சீத்தாவின் விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வேதிப்பொருள், கண்ணாடித் தட்டில் வளர்த்த ஒருவகைப் பெருங்குடல் புற்றுச் செல்களை அழிப்பதில், அட்ரியாமைசின் என்ற கீமோதெரபி மருந்தை விட அத்தனை மடங்கு வீரியம் காட்டியது. பழம் சாப்பிட்டது பற்றியோ மனிதர்களைப் பற்றியோ அந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை. தட்டில் உள்ள புற்றுச் செல்லை பிளீச்சிங் கரைசலும் கொன்றுவிடும்.

பொய்ச் செய்திகளில் ஆபத்தானவை இந்த வகைதான். அடியில் உண்மையான ஒரு தாள் இருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு நிபந்தனை உதிர்கிறது. விதை பழமாகிறது, செல் மனிதனாகிறது, ஒரு மருந்து மொத்தக் கீமோதெரபியாகிறது. மூலத்தைத் தேடிப் போகச் சொல்வது உதிர்ந்த நிபந்தனைகளைப் பொறுக்கி எடுக்கத்தான்.

மூன்றாவது கூற்றுக்கு, "அதன் பிறகு என்ன ஆனது?" என்று கேளுங்கள். இந்தப் பழமோ இலையோ மனிதர்களின் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று முறையான மருத்துவச் சோதனை எதுவும் நிறுவவில்லை. தேடும்போது இன்னொன்றும் கண்ணில் படும். கரீபியன் தீவான குவாடலூப்பில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நிறைய உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு காணப்படுவதாகவும், இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றும் 1999-இல் லான்செட் இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். ஃபார்வர்டில் இது வராது. எப்போதாவது பழம் சாப்பிடுவதற்கு இதனால் பயப்பட வேண்டியதில்லை. சிகிச்சையை நிறுத்திவிட்டுத் தினமும் இலைக் கஷாயம் குடிப்பவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்.

"மறைத்துவிட்டார்கள்" என்பதைச் சோதிப்பது சுலபம். மறைத்த ஆய்வு பப்மெட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்காது. தாவரம் என்றால் கம்பெனிகள் ஒதுக்கும் என்பதும் நிற்காது. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைத்த வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் இன்றும் புற்றுநோய் வார்டுகளில் ஏற்றப்படும் மருந்துகள்.

"ஆய்வு சொல்கிறது" என்றால்

ஆய்வுகளுக்குப் படிகள் உண்டு. செல் சோதனை, அதற்கு மேல் எலி, அதற்கு மேல் சில மனிதர்களைக் கவனித்து எழுதியது, அதற்கு மேல் ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்கு மருந்தும் மறு பகுதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டது, எல்லாவற்றுக்கும் மேல் அப்படிப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டது. செய்தியில் "ஆய்வு" என்று வந்தால் எந்தப் படி என்று பாருங்கள். பப்மெட்டில் கட்டுரையின் சுருக்கம் இலவசம். அதில் எத்தனை பேர், ஒப்பீட்டுக் குழு உண்டா என்ற இரண்டைத் தேடிப் படித்தாலே பாதி விளங்கிவிடும். முழுக் கட்டுரை கிடைத்தால் கடைசிக்குப் போய் யார் பணம் கொடுத்தார்கள் என்ற வரியைப் பாருங்கள்.

கட்டுரை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதும் முக்கியம். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-இல் லான்செட்டில் வந்தது. அதில் இருந்தது வெறும் 12 குழந்தைகள். 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவர் பதிவும் அதே ஆண்டு பறிபோனது. இன்றும் "லான்செட்டில் வந்த ஆய்வு" என்று அதைச் சுட்டுபவர்கள் இருக்கிறார்கள். பப்மெட்டில் அந்தக் கட்டுரையைத் திறந்தால் திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்பு தலையிலேயே நிற்கும்.

இதழின் பெயரும் எப்போதும் காப்பாற்றாது. 2013-இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் பொஹானன் வேண்டுமென்றே பிழைகளோடு ஒரு போலிக் கட்டுரை தயாரித்து யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய 304 திறந்தநிலை இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. எனவே கேள்விப்படாத இதழ் என்றால் அதன் பெயரையும் பக்கவாட்டில் தேடுங்கள்.

சதவீதம் வந்தால் "எதில் சதவீதம்?" என்று கேளுங்கள். பதப்படுத்திய இறைச்சி தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் சொன்னது. 100 பேரில் 18 பேருக்கு வரும் என்று பொருள் இல்லை. சாதாரணமாக 100 பேரில் 6 பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 7 ஆகும், அவ்வளவுதான். அந்த முகமை இதைப் புகையிலையோடு ஒரே பட்டியலில் வைத்ததால் புகையிலை அளவுக்கு ஆபத்து என்று பலர் எழுதினார்கள்; அந்தப் பட்டியல் ஆதாரம் எவ்வளவு உறுதி என்று சொல்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரிது என்று சொல்லவில்லை.

வீடியோ, படம், நியூஸ் கார்டு

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்த பலர் பயந்து ரயிலேறினார்கள். தமிழ்நாடு காவல்துறை விளக்கியபடி, பரவியதில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்தது. வீடியோவில் அடிதடி உண்மைதான். யார், எங்கே, ஏன் என்ற தலைப்புதான் பொய். அதனால் வீடியோவை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் பொய் தெரியாது.

செய்ய வேண்டியது இது. வீடியோவை நிறுத்தி நிறுத்தி, முகமோ பலகையோ வண்டியோ தெளிவாகத் தெரியும் மூன்று நான்கு இடங்களில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் எழுத்தையும் சேனல் லோகோவையும் வெட்டிவிடுங்கள். வெட்டாவிட்டால் தேடுபொறி எழுத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும். ஒவ்வொன்றையும் கூகுள் லென்ஸில் போடுங்கள். கிடைக்காவிட்டால் யாண்டெக்ஸ் என்ற தேடுபொறி, படம் என்றால் டின்ஐ என்ற படத்தேடல் தளத்தில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். கணினி இருந்தால் இன்விட் என்ற பிரௌசர் நீட்சி வீடியோவைத் தானே படங்களாகப் பிரித்துத் தரும்.

கிடைக்கும் மிகப் பழைய தேதி "அதற்கு முன்பே இது இருந்தது" என்பதை மட்டும் உறுதிசெய்கிறது. நேற்று நடந்ததாகச் சொல்லும் வீடியோ மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எங்காவது இருந்தால் விஷயம் முடிந்தது. எதுவுமே கிடைக்கவில்லை என்றால் வீடியோ புதியது என்று அர்த்தமில்லை. உள்ளே தேடுங்கள்: கடைப் பலகையின் மொழி, வண்டி எண்ணின் முதல் இரண்டு எழுத்து, போலீஸ் சீருடை, பேருந்தின் நிறம், பேசும் வட்டார வழக்கு. ஒலியை முழுதாக வைத்து ஒரு முறை, ஒலியை அடைத்து ஒரு முறை பாருங்கள். பின்னால் ஓடும் குரல் பிறகு சேர்த்ததாக இருப்பது சகஜம்.

வெட்டப்பட்ட முடிவு இன்னொரு அபாயம். 2018-இல் இந்தியா முழுவதும் பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஒரு வீடியோ சுற்றியது: பைக்கில் வருபவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அடுத்த சில விநாடிகளில் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்த முடிவை வெட்டிவிட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயில் தேடிப் போன சென்னைக் குடும்பத்தைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார். 30 விநாடி வீடியோ திடீரென்று முடிந்தால், முழு நீளம் எங்கே என்று தேடாமல் அனுப்பவே கூடாது.

தமிழில் அதிகம் உலவும் இன்னொன்று போலி நியூஸ் கார்டு. தொலைக்காட்சி லோகோ, தலைவரின் படம், அவர் சொன்னதாக ஒரு வாக்கியம். உண்மையான கார்டை எடுத்து வாக்கியத்தை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். கார்டில் உள்ள தேதியை எடுத்துக்கொண்டு அந்தச் சேனலின் அதிகாரபூர்வ ஃபேஸ்புக் அல்லது எக்ஸ் பக்கத்தில் அதே நாளுக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அதே படத்தோடு வேறு வாசகம் அங்கே இருக்கும். எழுத்துரு மட்டும் சற்று மாறியிருப்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். கார்டில் தேதியே இல்லையென்றால் ஒதுக்கிவிடலாம்.

மழைக்கால விடுமுறை கார்டுகளுக்கு இன்னும் எளிய சோதனை: தேதியும் கிழமையும் பொருந்துகிறதா? போன ஆண்டுக் கார்டு என்றால் கிழமை உதைக்கும். விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். அந்த மாவட்ட நிர்வாகத்தின் பக்கத்தில் பாருங்கள். "அதி கனமழை" என்று யாராவது எழுதினால், வானிலை ஆய்வு மையம் அந்தச் சொல்லை 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வதற்கு மட்டும் வைத்திருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கனமழை தொடங்குவதே 64.5-இல்தான்.

செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களை விரல் எண்ணிக்கை வைத்துக் கண்டுபிடிக்கும் வித்தை பழசாகிவிட்டது. இங்கேயும் படத்துக்கு வெளியே போவதே வழி. பெரிய சம்பவம் என்றால் பல கைபேசிகள், பல கோணங்கள், பல நிருபர்கள் இருந்திருப்பார்கள். ஒரே ஒரு கோணம், ஒரே ஒரு கணக்கு என்றால் காத்திருங்கள்.

முகவரியைப் படிப்பது

இணைய முகவரியை நம் தபால் முகவரி போலப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் வரும் கடைசித் துண்டுதான் ஊர்; மற்றதெல்லாம் தெருப்பெயர். ஜிஓவி.இன் என்று முடிந்தால் இந்திய அரசுக்குரியது, ஜிஓவி.எல்கே என்றால் இலங்கை அரசுக்குரியது. இவற்றைத் தனியார் வாங்க முடியாது. டிஎன்-ஜிஓவி-ஸ்கீம்.காம் என்று இருந்தால் முடிவது காம்-இல். நடுவில் உள்ள ஜிஓவி வெறும் அலங்காரம், யாரும் வாங்கலாம். ஓஆர்ஜி என்று முடிவதும் அப்படியே, தொண்டு நிறுவனம் என்ற சான்று எதுவும் அதில் இல்லை. பூட்டுச் சின்னத்தை நம்பாதீர்கள்: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது என்று மட்டுமே அது சொன்னது, எதிரில் இருப்பவர் யோக்கியர் என்று சொல்லவில்லை. இந்தக் குழப்பத்தால்தான் குரோம் பிரௌசர் 2023-இல் அதை எடுத்தேவிட்டது.

அரசுத் திட்டம் பற்றிய செய்தியில் அரசாணை (நிலை) எண், துறை, நாள் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தமிழ்நாடு அரசின் தளத்தில் அந்தத் துறையின் அரசாணைப் பட்டியலில் தேடலாம். இல்லாமல் லிங்க் மட்டும் கொடுத்து ஆதார் எண்ணும் ஓடிபியும் கேட்டால் அது திருட்டு.

வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். மேலே வருவது யாரோ காசு கட்டிப் போட்ட விளம்பரமாக இருக்கலாம். வங்கி அட்டையின் பின்புறம், பாஸ்புக், பில் ஆகியவற்றில் அச்சிட்ட எண்ணைப் பயன்படுத்துங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

பெரிய பெயர்கள்

திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன, நாசா திகைத்தது என்ற செய்தியைப் பார்க்காத தமிழர் குறைவு. இதில் செயற்கைக்கோளின் பெயர் இல்லை, தேதி இல்லை, விஞ்ஞானி பெயர் இல்லை. பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்து மற்ற விவரம் எதுவும் இல்லாதபோது, அந்தப் பெயர் மிரட்டுவதற்காக வைத்தது என்று கொள்ளலாம். நாசாவின் தளத்துக்குள் மட்டும் தேடினால் அப்படி ஓர் அறிக்கை இல்லை. பள்ளி இயற்பியலே போதும்: தாழ்வான பாதையில் போகும் செயற்கைக்கோள் விநாடிக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது, நின்றால் விழும். எப்போதும் நின்றபடி தெரிபவை நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டரில் இருக்கின்றன. திருநள்ளாறு நிலநடுக்கோட்டில் இல்லை. அந்தத் தலத்தின் மேல் உள்ள பக்திக்கு நாசாவின் சான்றிதழ் தேவையும் இல்லை.

ஒரு தளத்துக்குள் மட்டும் தேட, கூகுளில் சைட் என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியை எழுதி, பிறகு தேடுசொல்லைப் போடுங்கள். யுனெஸ்கோ சொன்னது, உலக சுகாதார அமைப்பு எச்சரித்தது என்று வரும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வரி பெரிய உதவி. தேடுசொல்லிலும் கவனம் வேண்டும். "பால் குடித்தால் ஆபத்தா" என்று கேட்டால் ஆபத்து என்று எழுதியவர்களே வரிசையில் வருவார்கள். "பால், எலும்பு, ஆய்வு" என்று சாய்வில்லாத சொற்களைப் போடுங்கள்.

மூன்று தளங்கள் சொன்னால் மூன்று சாட்சி என்று நினைக்கக் கூடாது. செய்தியில் வழக்கமில்லாத ஒரு வாக்கியத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். மூன்றும் ஒரே இடத்திலிருந்து நகலெடுத்தவை என்று பல சமயம் தெரியவரும். அப்போது சாட்சி ஒன்றுதான். ஆங்கிலத்திலிருந்து வந்த செய்தியில் தொகைகளைத் திரும்பக் கணக்குப் போடுங்கள். மில்லியன் 10 லட்சம், பில்லியன் 100 கோடி. மொழிபெயர்ப்பில் ஒரு சுழி வழுக்கினால் கோடிகள் மாறிவிடும்.

விக்கிப்பீடியாவை ஒதுக்க வேண்டாம், அதில் நின்றுவிடவும் வேண்டாம். கட்டுரையின் அடிக்குறிப்புகள்தான் அதன் மதிப்பு. குறிப்பு இல்லாத வரி, யாரோ சொன்ன வரி. சர்ச்சையான விஷயம் என்றால் உரையாடல் பக்கத்தையும் வரலாறு பக்கத்தையும் திறந்து, அந்த வரி எப்போது நுழைந்தது என்று பாருங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேட்டால் சரளமாகப் பதில் வரும். ஆதாரம் கேட்டால் இல்லாத கட்டுரையின் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும்கூடத் தரக்கூடும். 2023-இல் நியூயார்க்கில், விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி தந்த ஆறு பொய்த் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அவர்களில் ஒருவர் இந்தத் தீர்ப்புகள் உண்மையா என்று அதனிடமே கேட்டிருக்கிறார்; உண்மை என்றே அது பதில் சொன்னது. அது தரும் ஒவ்வொரு தலைப்பையும் வெளியே தேடி, திறந்து, அந்த வரி உள்ளே இருக்கிறதா என்று பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

சரிபார்ப்புத் தளங்களும் உங்கள் இடுகையும்

உங்களுக்கு முன்பே யாராவது இதைச் சோதித்திருக்கலாம். தமிழில் யூடர்ன் உள்ளது. ஐஎஃப்சிஎன் என்ற பன்னாட்டுச் சரிபார்ப்பாளர் வலையமைப்பின் விதிகளில் கையெழுத்திட்ட இந்தியத் தளங்கள் சில தமிழிலும் எழுதுகின்றன. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபி, தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் இரண்டும் அரசாணை, திட்டம், விடுமுறை போன்றவற்றுக்கு விரைவாக விடை தரும். அரசு மீதே குற்றம் சொல்லும் செய்திக்கு அவை தரும் மறுப்பை, சம்பந்தப்பட்ட ஒரு தரப்பின் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சரிபார்ப்பிலும் "பொய்" என்ற முத்திரையை விட அதற்குக் கீழே கொடுத்திருக்கும் லிங்குகளே முக்கியம். அவற்றைத் திறந்து பாருங்கள். லிங்கே இல்லாத சரிபார்ப்பு இன்னொரு கருத்துதான்.

தேடியும் விடை கிடைக்காமல் போகலாம். "தெரியவில்லை" என்பது நேர்மையான முடிவு, அப்போது அனுப்பாமல் இருங்கள். பொய் என்று உறுதியானால் குழுவில் எல்லார் முன்னாலும் பெரியவர்களை மடக்காதீர்கள். அவமானப்பட்டவர் தகவலை விட்டுக்கொடுக்க மாட்டார். தனியாக, "பெரியம்மா, நீங்க அனுப்புன வீடியோ 2019-லயே வந்திருக்கு, இந்தப் பக்கத்துல பாருங்க" என்று ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்புங்கள். குழுவில் திருத்தத்தை அவரே போடும்படி விடுவது நல்லது.

நீங்கள் கண்டுபிடித்த ஆதாரப் பக்கம் நாளை அழிக்கப்படலாம், சத்தமில்லாமல் திருத்தப்படலாம். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினைத் திறந்து, பக்கத்தைச் சேமிக்கும் கட்டத்தில் லிங்கை ஒட்டி அழுத்துங்கள். கிடைக்கும் புது முகவரியில் தேதியும் நேரமும் பதிந்திருக்கும். திருத்தம் அனுப்பும்போது அந்த முகவரியையே கொடுங்கள்.